குடிக்கிறது நான்தான்

எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடையில் பெண்களுக்கென்று பின்பக்கம் ஒரு ஜன்னல் இருந்தது. ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேராக அங்கேதான் போவேன். என் புருஷனுக்கோ கள்ளின் வாடையே ஆகாது. மற்ற வீடுகளில் பெண்சாதி புருஷனைத் தேடிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போவாள். எங்கள் வீட்டில் அவர் என்னைத் தேடி வருவார். லயத்து வீடுகளில் சிரிக்காதவர்கள் கிடையாது. சிரிக்கட்டுமே, எனக்கென்ன!

பிள்ளை பெற்றுத்தான் இந்தப் பழக்கம் வந்தது. பெற்ற உடம்பு இறுகட்டும் என்று மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுச் சம்சு கொடுப்பார்கள். சீனர் கடைச் சாராயம்தான். பிரசவ வீட்டுக்குள் வந்துவிட்டால் அதற்கு மருந்து என்று பெயர். மூத்தவள் பிறந்தபோது, செர்காம் பக்கத்திலிருந்து வந்த என் நாத்தனார் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். மருந்து நின்றது, என் நாக்கு நிற்கவில்லை.

மூத்தவளுக்கு ஐந்து வயது. இரண்டாவதை வயிற்றில் சுமந்துகொண்டு நான் அந்த ஜன்னலில் நின்றதை, எங்களைப் பார்க்க வந்த நாத்தனார் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என் புருஷன் முன்னாலேயே சொன்னார்: “பெரசவத்துக்கு வருவேன். அப்பவும் நீ இப்படியே இருந்தா மூத்தவள என்னோட கூட்டிக்கிட்டுப் போயிருவேன். குடிகாரி கையில எங்க புள்ள வளர வேணாம்.”

என் புருஷன் வாயைத் திறக்கவில்லை. நாத்தனார் பேச்சைவிட அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

ரப்பர் விலை விழுந்து ஆட்களை ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு டோபி கடையில், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடிப் பேசுகிறார்கள் என்று மாட்டுவண்டிக்காரர் சொல்லியிருந்தார். அடுத்த ஞாயிறே சடக்கு ரோட்டு வழியாக நடந்து போனேன்.

உள்ளே ஆண்கள் துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். டோபிக்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். “புருஷன் வரலியாம்மா? கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே.”

“அவரு எதுக்குண்ணே? அவரு குடிக்க மாட்டாரு. குடிக்கிறது நான்தான்.”

டோபிக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தார். பெரிய மீசைக்காரர் ஒருவர் எழுந்துவிட்டார். “பொம்பளைக்கு இங்க என்ன வேல?”

“கள்ளுக்கடையில யாரும் அப்படிக் கேக்கலியே. காச வாங்கிக்கிட்டு ஊத்துனாங்க.”

டோபிக்காரர் சிரித்துவிட்டார். “உக்காரு தங்கச்சி.” மீசைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன்.

அங்கே பிரசங்கம் கிடையாது. அந்த வாரம் குடித்தோமா இல்லையா என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சத்தியமும் கிடையாது. சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணி அதை மீறாதவர் அந்தக் கூட்டத்தில் யார்? “அடுத்த ஞாயித்துக்கெழம வா, அது போதும்” என்பார் டோபிக்காரர். முதலில் சில வாரம் “குடிச்சேன்” என்றேன். யாரும் திட்டவில்லை. மீசைக்காரரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, கை நடுங்கிப் பாலுக்கு மரம் வெட்டவே முடியாத வாரங்களைத் தாண்டி, “குடிக்கல” என்றேன். வயிறு தள்ளிக்கொண்டு வந்த பிறகும் ஒரு ஞாயிறும் விடவில்லை.

ஆண் பிள்ளை பிறந்தான். நாத்தனார் வந்தார், கையில் சம்சு போத்தலோடு!

“வேணாம் அண்ணி” என்றேன்.

“இது மருந்துடி. குடிக்கக் கூடாதப்ப குடிச்ச, குடிக்க வேண்டியப்ப மாட்டேங்குற!”

அவர் கோபமும் நியாயம்தான், அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. ஒரு வாய் குடித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத்தான் தெரியும். மறுபடி அந்த ஜன்னல், அப்புறம் மூத்தவள் செர்காமில். ஆனாலும் அந்த வாடைக்கு வாயெல்லாம் ஊறியது. பொய் சொல்லுவானேன்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தீட்டு, நான் வாசல் தாண்ட முடியாது. நான் வரமாட்டேன் என்று டோபி கடையில் சொல்லிவர என் புருஷன் போயிருந்தார். “குடிச்சாத்தான் உடம்பு தேறும்” என்று நாத்தனார் சம்சுவை மங்குக் கோப்பையில் ஊற்றி என் கையில் திணித்தார். நான் கீழே வைக்கவில்லை.

அப்போது வெளியே ஆள் சத்தம். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், சாக்கடை ஓரமாக, யார் யாரோ உட்காருகிறார்கள். முதலில் கேட்டது மீசைக்காரர் குரல். “இந்த வாரம் நான் குடிக்கல.” அடுத்து இன்னொருவர், அவரை அடுத்து இன்னொருவர். என் புருஷன் கூட்டத்தையே அழைத்து வந்துவிட்டார்!

“உள்ள எப்படி, தங்கச்சி?” என்றார் டோபிக்காரர்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். “கையில வெச்சிருக்கேண்ணே. இன்னும் குடிக்கல.”

“அப்ப நாங்க இங்கயேதான் உக்காந்திருப்போம்” என்றார் மீசைக்காரர்.

நாத்தனார் என்னையே பார்த்தார். பிறகு மங்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போய், அத்தனை பேர் முன்னாலும் சாக்கடையில் ஊற்றினார். போத்தலையும் கவிழ்த்தார்.

“பெரசவ வீடு. கோப்பி குடிப்பீங்களா?” என்று அவர்களைக் கேட்டார்.

“தீட்டாவது மண்ணாவது, ஊத்துங்க” என்றார் மீசைக்காரர்.

மூத்தவள் மங்குகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அடுத்த வாரம் நாத்தனார் தனியாகத்தான் செர்காமுக்குப் போனார்.