பஜனை வீட்டுக்கு வந்த வேட்டை நாய்

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்தான். ஆபீஸ் கேன்டீனில் மேனேஜர் தன் வேட்டைப் பெருமைகளை அளந்துகொண்டிருந்தார். புறா சீசன், வாத்து சீசன் என்று டெக்ஸஸ்காரர்களுக்கு ஏதாவது ஒரு சீசன் இருந்துகொண்டே இருக்கும். தயிர்சாதத்தைத் தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். "நாங்க பரம்பரை வேட்டைக்காரங்க" என்று எடுத்துவிட்டேன். என் அப்பா ஈரோட்டில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். நான் வேட்டையாடியது கொசுவை மட்டும், அதுவும் பேட்டரி பேட் வைத்து. மேனேஜர் என் தோளில் தட்டி, அடுத்த சீசனுக்கு உன் நாயோடு வந்துவிடு என்றார். இல்லாத நாய்க்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் என் பெண் மூன்று வருஷமாக நாய்க்குத் தவம் கிடக்கிறாள். பதினொரு வயது, கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. இருந்த ஒரே தோழியும் போன வருஷம் வேறு மாநிலத்தில் இருக்கும் சான் ரமோனுக்குக் குடிபோய்விட்டாள். ஸ்கூல் விட்டு வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் என் மனைவிக்கு நாய் என்றால் உயிரே போய்விடும். காலேஜ் படிக்கும்போது சேலத்தில் ஒரு தெருநாய் அவளைப் பஸ் ஸ்டாப் வரை துரத்தியிருக்கிறது. நாய் படம் போட்ட காலண்டரைக்கூட மாட்டவிடமாட்டாள்.

வேட்டைக்கும் ஆக வேண்டும், வீட்டுக்கும் ஆக வேண்டும். ஐ.டி.காரன் வேறு என்ன செய்வான்? எக்ஸெல் போட்டேன். பன்னிரண்டு ஜாதி நாய்கள். மோப்பம், நீச்சல், அடிபட்ட பறவையை எடுத்து வருவது, குழந்தைகளோடு பழகுவது, முடி கொட்டுவது, பெருங்காய வாசனையைத் தாங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் முதலாவதாக வந்தது. மனைவி வீட்டுக்குள் போடும் நீல ரப்பர் செருப்பைச் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். ஹில்கிராஃப்ட் தெருவில் உள்ள இந்தியக் கடையில் வாங்கியது. தூங்கும்போதும் சாமி கும்பிடும்போதும் தவிர அதைக் கழற்றமாட்டாள்.

"ஏங்க, நம்ம கல்யாணத்துக்குக்கூட எங்கப்பா இவ்ளோ பொருத்தம் பாக்கலைங்க."

சொல்லிவிட்டு மௌஸைப் பிடுங்கினாள். 'எனக்குப் பயமா இருக்குமா?' என்று புதிதாக ஒரு வரிசை சேர்த்தாள். ஒரே இழுப்பில் பன்னிரண்டு நாய்க்கும் 'ஆமா' என்று நிரப்பினாள். என் பெண் அதைப் படித்துவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கத்தி அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். மனைவியும் மாடிப்படியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, மூணே நாள். ட்ரையல் பாருங்க. ஆனா சண்டே நம்ம வீட்டுல பஜனை. ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் மண்டே காலைல திருப்பி அனுப்பிடணும்."

ஊருக்கு வெளியே பண்ணையில் வேட்டை நாய்கள் வளர்க்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாளைப் பிடித்தேன். இரண்டு வயதுப் பாயின்டர் ஒன்று இருக்கிறதாம். நீந்துமாம். எதைப் பார்த்தாலும் பல் படாமல் கவ்விக் கொண்டுவந்து கையில் கொடுக்குமாம். துப்பாக்கி வெடித்தால் மட்டும் நடுங்கிப்போய் உட்கார்ந்துவிடுமாம். எனக்கும் அதே பிரச்சினைதான் என்றேன். மேனேஜருக்குப் பதில் சொல்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை நாய் வந்தது. என் பெண் அதன் காதுக்குள் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு வருஷத்துப் பேச்சு மொத்தமும் இரண்டு நாளில் கொட்டியது. மனைவி சமையலறைக் கதவுக்குப் பின்னாலேயே குடித்தனம் நடத்தினாள்.

ஞாயிறு சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வந்தன. நாயைப் பின்பக்கத்துத் தோட்டத்தில் விட்டிருந்தோம். குப்பைத் தொட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போன நான், பக்கவாட்டு கேட்டின் தாழ்ப்பாளைப் போட மறந்துவிட்டேன். ஆர்மோனியச் சத்தத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. தீபாராதனை முடிந்து கதவைத் திறந்தால், வாசலில் ஒரு செருப்புகூட இல்லை. எங்கள் வழக்கப்படி அத்தனை பேரும் கழற்றிவிட்டு வந்த செருப்புகள். ஓர் அங்கிள் வெறுங்காலை சிமெண்டில் வைத்து, "அம்மாடி!" என்று குதித்து உள்ளே வந்தார். டெக்ஸஸில் ஆகஸ்ட் மாதம் அல்லவா, சாயங்காலமும் தரை கொதிக்கும்.

தோட்டத்தில் போய்ப் பார்த்தேன். இடுப்பு உயரத்துக்குச் செருப்பு மலை. பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாய்.

"டாட், ஹி காட் ஆல் ஆஃப் தெம்!" என்றாள் என் பெண், பெருமை தாங்காமல். கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பின்வாசலில் மனைவி ஆரத்தித் தட்டோடு வந்து நின்றாள். நாய் ஒரு செருப்பைக் கவ்வியது. என்னைத் தாண்டியது, என் பெண்ணைத் தாண்டியது, நேராக மனைவியின் முன்னால் போய் நின்று மூஞ்சியைத் தூக்கியது.

"ஐயோ! கிட்ட வராத! ஏங்க!"

"அது என்னோடதும்மா, சீக்கிரம் வாங்கிக் குடு, அவர் கார்ல ஹார்ன் அடிக்கிறார்" என்றாள் பின்னால் நின்ற ஆன்ட்டி.

மனைவி தட்டை என்னிடம் தள்ளிவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, இரண்டு விரலால் வாங்கினாள். நாய் ஓடிப்போய் அடுத்ததைக் கொண்டுவந்தது. ஐந்தாவது செருப்பில் அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். பத்தாவதில் இரண்டையும் திறந்தாள். இருபதாவதில் அதட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

"இது லெஃப்ட். இதோட ரைட் எங்கடா? போ, சமத்தா எடுத்துட்டு வா."

எடுத்து வந்தது! ஒன்றிலும் ஒரு பல்தடம் இல்லை, கொஞ்சம் ஜொள்ளு மட்டும்தான். ஆனால் கிளம்பும்போது ஹார்ன் ஆன்ட்டி, "நாய் வாய் வச்சது, போய்க் கழுவணும்" என்று எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்துவிட்டுப் போனாள். கம்ப்ளெயின்ட் வந்துவிட்டது. சொன்ன சொல்லில் நிற்கிறவள் என் மனைவி. என் பெண் சாப்பிடாமலேயே படுத்துவிட்டாள்.

பேசிவைத்திருந்தபடி திங்கள் காலை நாயைக் கூட்டிப்போக அந்தப் பண்ணை அம்மாளின் வேன் வந்து நின்றது. என் பெண் ஸ்கூல் பையோடு நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மனைவி என்னை விலக்கிவிட்டு வாசலுக்குப் போய், தன் ஆபீஸ் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். நேற்று உங்கள் நாய் என்னுடைய இடதுகால் செருப்பைத் தொலைத்துவிட்டது, எங்கே போட்டது என்று அதற்குத்தான் தெரியும், கண்டுபிடித்துக் கொடுக்காமல் அனுப்ப முடியாது என்றாள்.

அதற்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"நோ ஐடியா. பத்து, பன்னெண்டு வருஷம்கூட ஆகலாம்."

அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். ஹில்கிராஃப்டில் வாங்கிய நீல ரப்பர் செருப்பு, என் மனைவியின் இரண்டு காலிலும் இருந்தது.