பெயரை மட்டும் மாற்றினேன்

போன சனிக்கிழமை பாசாரில் ரோஸலின் அக்கா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மீன் விலை கேட்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. என் நாவலைப் படித்திருந்தால் உங்களுக்கும் புரியும்.

டிவி ஷாப்பிங்கைக் கிண்டலடித்து நான் எழுதிய நகைச்சுவை நாவலில் பவுனம்மா என்று ஒருத்தி வருவாள். தொப்பை குறைக்கும் பெல்ட், வெங்காயம் நறுக்கும் மெஷின், தானே சுழலும் மாப்பு... டிவியில் எதைக் காட்டினாலும் உடனே போன் போட்டு ஆர்டர் செய்வாள். வந்த பெட்டியைப் பிரிக்கமாட்டாள். கடைசியில் கட்டிலுக்கும் இடமில்லாமல் பெட்டிகள் மேலேயே படுத்துத் தூங்குவாள். வெளியீட்டு விழாவில் அந்த அத்தியாயத்தை வாசித்தேன். மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் இருந்த ரோஸலின் அக்காவும் சிரித்தார்.

எங்கள் ஊரான குருபோங்கில் அக்கா என் பக்கத்து வீடு. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிவிட்டார், மகன் சிங்கப்பூரில். அவர் வீட்டு ஹாலில் பிரிக்காத பெட்டிகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கற்பனைக்கு எங்கே போனேன்? பெயரை மட்டும்தான் மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை, அவர் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்துப் போனேன். ஹால் காலியாகக் கிடந்தது. பெட்டிகளையெல்லாம் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அக்கா முடிக்க விடவில்லை.

"நீ ஒன்னும் பொய்யா எழுதல லா. நானுந்தான் சிரிச்சேன். அப்புறம் சர்ச்சுல ரெண்டு பேரு என்னைய பவுனம்மான்னு கூப்பிட்டாங்க. அன்னிக்குத்தான் வலிச்சிச்சு."

பிறகு எதற்காக அவ்வளவும் வாங்கினார் என்று கேட்டேன்.

"ஆர்டர் எடுக்குற பொண்ணு ஒன்னு, ரொம்ப நல்ல பொண்ணு. 'அக்கா, சாப்ட்டாச்சா'ன்னு கேக்கும். சும்மா போன் போட்டுப் பேச முடியுமாம்மா? ஏதாச்சும் வாங்கணும்ல."

அந்தப் பெண் இரண்டு முறை அழைத்துப் பார்த்தாளாம். அக்கா எடுக்கவில்லை. இனி அழைத்தால் எடுங்கள் என்று கெஞ்சினேன். கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் போனும் வரவில்லை.

இந்த வாரம் தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகிறேன். டீ தருகிறார். பேசுகிறார் – ஆனால் அளந்து, யோசித்து. எழுதுகிறவளிடம் மனம்விட்டுப் பேச யாருக்குத்தான் தைரியம் வரும்? இந்தப் பத்தியைக்கூட அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நாவல் இரண்டாம் பதிப்புக்குப் போகலாம் என்கிறார் பதிப்பாளர். நகைச்சுவை அபாரமாம்.

"ஏன்க்கா வாங்குறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்காமலே முழு நாவல் எழுதி முடித்தவள் நான்!