முகாரிக்கு உதுமான் எழுதியது

வாரம் முழுக்கப் பம்பாய் ஃபோர்ட் பகுதியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கிளெய்ம் கோப்புகளோடு மல்லுக்கட்டும் மானசாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு கிடையாது. மதியம் சாப்பிட்ட கையோடு பிடில் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு செம்பூரிலிருந்து தாராவிக்குக் கிளம்பிவிடுவாள்.

"இன்னிக்காவது செத்த நேரம் படுத்துக்கோயேன். யாருக்காக இந்த ஓட்டம்?" என்று கணவன் நகுல் கேட்பான்.

அதற்குள் அவள் செருப்பை மாட்டியிருப்பாள். மாட்டுங்காவில் வளர்ந்த நாளில் பன்னிரண்டு வருடம் பிடில் கற்றவள் அவள். மேடை ஏறும் அளவுக்குக் கை வரவில்லை. அப்பா இறந்த வருடம் ஒரு நாள் வெகுநேரம் முகாரி வாசித்துவிட்டு, பிடிலைக் கீழே வைத்ததும் மூன்று பக்கம் எழுதினாள். அதுவரை ஒரு கடிதம்கூட ஒழுங்காக எழுதாதவள். இப்படி மற்றவர்களும் எழுதலாமே என்று தோன்றி, தாராவியில் ஒரு தமிழர் சங்கத்தின் மாடி அறையைக் கேட்டு வாங்கி வகுப்பு தொடங்கினாள்.

முறை எளிமையானது. ஐந்து நிமிடம் வார்த்தையில்லாமல் வாசிப்பாள். கேட்டவர்கள் அரை மணி நேரம் தோன்றியதை எழுதி, பிறகு உரக்கப் படிக்க வேண்டும். வயது தடையில்லை. தொடக்கத்தில் இருபத்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டு வருடத்தில் அது ஆறாகக் குறைந்திருந்தது. பழைய துணி தரம் பிரிக்கும் சொர்ணம்மாளுக்கு அறுபத்தாறு வயது, எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல ஏழாவது படிக்கும் ஆஸியா எழுதுவாள். ஆஸியாவுக்குத் தமிழ் எழுத்து வராது என்பதால் இந்தி எழுதும் நாகரி எழுத்தில் தமிழ். தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் உதுமான் மட்டும் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த தமிழில், எழுத்தெழுத்தாகச் செதுக்கி எழுதுவார்.

ஒரு மே மாத ஞாயிறன்று ரயில் தண்டவாள வேலைக்காக வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். மானசா பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாள். முந்தின நாளும் அலுவலகத்தில் இருட்டும்வரை வேலை. மாடி ஏறும்போதே கால் கடுத்தது. வேறெதுவும் தோன்றாமல் முகாரி வாசித்தாள்.

முதலில் உதுமான் படித்தார். பதினைந்து வயதில் பம்பாய் வந்து, பதினொரு பேர் தங்கிய அறைக்கு எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மின்விசிறி வாங்கிய கதை. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, பதினொரு பேரும் அதன் கீழே மல்லாந்து படுத்தார்கள். தகரக் கூரையில் அது ஆடிய ஆட்டத்தில் தலையில் விழுந்துவிடுமோ என்று ஒருவரும் கண்ணை மூடவில்லை. ஒருவன் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள்.

மானசா சிரிக்கவில்லை. "நிறுத்துங்கோ பாய்," என்றாள். "இது சோக ராகம். நீங்க சரியாக் கேக்கலை. இன்னொரு தரம் மனசுல வாங்கிண்டு எழுதுங்கோ."

உதுமான் நோட்டை மூடிவைத்தார். சொர்ணம்மாள் ஆஸியாவின் காதில் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"ஏட்டி, அந்தக் கல்யாண வீட்டுச் சமாச்சாரத்த அழிச்சிரு. யாராச்சும் செத்துப்போன மாதிரி போடு."

அடுத்த வாரம் உதுமான் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரம் மானசா பிடில் வில்லைக் கையில் எடுக்கும்போது ஆஸியா கை தூக்கினாள்.

"டீச்சர், ஏக் மினிட். இது சந்தோஷமா, சோகமா? மொதல்லயே சொல்லிட்டா நாங்க தப்பா எழுத மாட்டோம்ல?"

மானசாவால் அன்று வாசிக்க முடியவில்லை. தலைவலி என்று சொல்லி வகுப்பை முடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து நகுலிடம், "நிறுத்திடலாம்னு இருக்கேன்," என்றாள். அவன் காப்பி கலந்து கொடுத்தான்.

நிறுத்துவதானாலும் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று பட்டது. புதன்கிழமை அலுவலகம் விட்டதும் நேரே தாராவிக்குப் போனாள். பட்டறையில் பசை நெடி மூக்கில் ஏறியது. நான்கு தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. உதுமான் தோல் வெட்டும் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"வாங்க டீச்சர். இப்பிடி உக்காருங்க. என்ன இவ்ளோ தூரம்?"

"அன்னிக்கு நான் பேசினது தப்பு பாய். கோவமா இருக்கேளா?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. பாதியில நிப்பாட்டிட்டீங்களா, பொறவு வர்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. அவ்ளோதான்."

"பாதியா?"

"ஆமா. பின்பக்கம் இருக்குல்லா."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து, தைப்பவர்களை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுப் படித்தார். பின்பக்கத்தில் பதினொரு பேரின் பெயரும் இருந்தது. ஒருவன் கலவரத்தில் போனான். ஒருவனைக் காசநோய் கொண்டுபோனது. அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டவன் ரயில் மோதி இறந்தான். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு வரி. கடைசிப் பெயர் உதுமான். அதற்கு எதிரே எதுவும் எழுதவில்லை.

"நீங்க வாசிச்சது அழுகதான்னு எனக்குத் தெரியும் டீச்சர்," என்றார். "அது அழுததுனாலதான் இவனுவ ஞாபகமே வந்துச்சு. ஞாபகம் வந்தா சிரிப்பாணிதானே மொதல்ல வருது. நா என்ன செய்ய?"

அப்பா இறந்தபோது தான் எழுதிய மூன்று பக்கத்தை மானசா நினைத்துப் பார்த்தாள். அதில் அப்பா ஒரு இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. உண்மையில் அவர் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்த மனிதர்.

"ஞாயித்துக்கிழமை இதை முழுக்கப் படிப்பேளா? நான் வாயே திறக்க மாட்டேன்," என்றாள்.

"பெருநாள் ஆர்டர் கெடக்கு. பாக்கேன்."

அந்த ஞாயிறு அவர் வந்தார். முழுவதும் படித்தார். முதல் பக்கத்துக்குச் சிரித்த சொர்ணம்மாள் இரண்டாம் பக்கத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஆஸியாவிடம், "அந்தக் கல்யாண வீட்ட மறுபடி எழுதுவோம், பேப்பர எடு," என்றார்.

அதன் பிறகு கூட்டம் ஒன்றும் பெருகிவிடவில்லை. ஆர்டர் நெருக்கும் வாரங்களில் உதுமான் வருவதில்லை. ஆறு பேர் சில நாள் நாலு பேராவார்கள். மானசா இப்போது ராகம் சோகமா சந்தோஷமா என்று சொல்வதில்லை. ஒருவர் நோட்டை மூடிக் கீழே வைக்கும்வரை பேசுவதுமில்லை. அது அவளுக்கு வாசிப்பதைவிடக் கடினமாக இருக்கிறது. நிறுத்திவிடலாம் என்ற எண்ணமும் மாதம் ஒரு முறையாவது வருகிறது.

போன வாரம் வகுப்பு முடிந்து ஏறிய பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். நடத்துனர் தட்டி எழுப்பியபோது செம்பூர் தாண்டி தேவ்நார் வந்திருந்தது. இறங்கி, எதிர்ப்பக்கம் நடந்து, திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக நின்றாள்.