வெல்ஷ் மொழியில் ‘வருகிறேன்’

சனிக்கிழமை மாலை. ருவைஸிலிருந்து அபுதாபி போகும் பேருந்து பாதி வழியில் நிற்கிறது. ஓட்டுநர் தொழப் போயிருக்கிறார். மணலும் வானமும் ஒரே நிறமாகக் கரைகின்றன. பக்கத்து இருக்கையில், சிவகங்கைக்கார வெல்டர் ஒருவர் கண்மூடி முணுமுணுக்கிறார்: “டூ ஈன் டோட், ருய்ட் டீன் டோட், மை ஹீன் டோட்.”

“என்னண்ணே அது?”

“வெல்ஷ் பாஷை தம்பி. வர்றேன், வர்றே, வர்றா. சம்சாரம் லண்டனுக்கு அங்கிட்டு வேல்ஸ்ல நர்ஸு. மகளுக்குப் பள்ளிக்கூடத்துப் பாஷைதான் வாயில வருது, நான் பேசுனா முழிக்கிறா. இங்க டூட்டி கலாஸ், முடிஞ்சிருச்சு. இன்னைக்கு பிளைட்டு.”

கைப்பேசியில் அழைத்து, “டூ ஈன் டோட்” என்கிறார். மறுமுனையில் ஒரு சின்னக் குரல் கூவுகிறது, மூச்சுவிடாமல் எதையெதையோ சொல்கிறது. அவர் தலையாட்டிக்கொண்டே கேட்கிறார்.

“என்ன சொல்றா?”

“ஒண்ணும் புரியலை தம்பி,” என்று கண்ணைத் துடைத்தபடி சிரிக்கிறார். “நாளைக்கு நேர்ல கேட்டுக்கிடுறேன்.”