ஐந்தாவது சொட்டு

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் சொட்டக்கா. பதினோரு வருடம் கண்மருந்துத் தொழிற்சாலையில் குப்பி நிரப்பிய கை. நடுக்கம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. இங்கே வேலை இன்னும் பொடிசு. கட்டைவிரல் அகலப் பீங்கான் எரிபொருள் கலத்தின் மின்முனையில் உலோக உப்புக் கரைசலை ஒரு சொட்டு விட வேண்டும், காயவைத்து உலையில் சுட வேண்டும். இப்படி எட்டு முறை. சுட்டால் துளைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத நானோ வினையூக்கிகள் ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரஜனைக் கொடுத்தால் அந்தக் கலம் மின்சாரம் தரும். திருப்பிவிட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் நீராவியைப் பிளந்து ஹைட்ரஜன் தரும். கெட்டிக்காரக் கலம்தான். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. சொட்டு கூடினால் துளை அடைத்துக்கொள்ளும்.

ஐந்தாவது சொட்டின்போதுதான் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டார். அடுப்பு பற்ற மாட்டேன் என்கிறதாம். பேசிவிட்டு வந்து சொட்டு விட்டாள். விட்ட பிறகுதான் பகீரென்றது. போனுக்கு முன்னாலேயே விட்டாயிற்றோ?

யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. கலமும் அறுநூறு மணி நேரம் ஒழுங்காக மின்சாரம் தந்தது. இன்று பத்து மணிக்கு அதைத் திருப்பப் போகிறார்கள். துளை அடைத்திருந்தால் நீராவி உள்ளே புகாது, மின்முனையே உரிந்துவிடும். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் மூலையில் நின்றாள்.

தலைமைப் பொறியாளர் குமிழில் கை வைத்தார்.

"மேடம், நிறுத்துங்க!" என்று சொட்டக்கா கத்தினாள்.

"என்னாச்சு?"

"அஞ்சாவது சொட்டை ரெண்டு தடவை விட்டுட்டேனோன்னு சந்தேகமா இருக்கு. நடுவுல போன் வந்துச்சு."

"ஒரு மாசமா வாயைப் பூட்டிட்டா இருந்தீங்க?"

"வேலை போயிடும்னு பயந்துட்டேன், மேடம்."

பொறியாளர் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். துளை அடைத்திருந்தால் வோல்ட் ஏறும்; ஒன்றரையைத் தாண்டினால் கலம் போச்சு. ஒன்று புள்ளி மூன்று. நான்கு. நான்கு ஏழு. பாதிச் சுமையில், நான்கு ஒன்பதில் எண் நின்றது.

"ரெண்டு சொட்டுதான் விழுந்திருக்கு. முழுசா திருப்பியிருந்தா போயிருக்கும்" என்று பொறியாளர் மூச்சு விட்டார். "குறிப்பேட்டுல உங்க கையாலயே எழுதுங்க."

எழுதினாள். முதல் முறையாக அந்தக் கை நடுங்கியது.

"அடுத்த மாசம் நான் வரணுமா, மேடம்?"

"போனை வெளிய வெச்சிட்டு வாங்க. நீங்க வரலன்னா அடுத்த கலத்துக்கு யார் சொட்டு விடுறது, உங்க வீட்டுக்காரரா?"