பெருமாயி சொல்லாத பேர்

பெருமாயி அக்கா மேல்தான் தப்பு என்று மலைக்குக் கீழே இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் மாதேஸ்வரன். மலைமேல் வாழவந்தி நாட்டில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, ஏற்றுகிற வேன் ஓட்டுகிறேன். அன்றைக்கு அக்காவின் புருஷன் அப்பாசாமி அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என் வண்டிதான். அதனால் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

அக்கா வாய்க்காரி. எங்கள் நிறுத்தத்தில் பஸ் நிற்காமல் போனால், அடுத்த நடையில் அதே பஸ்ஸை நடுரோட்டில் மறித்துக் கண்டக்டரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அண்ணனையும் விட்டுவைத்ததில்லை. மிளகு பறிக்கிற ஏணியை மழையில் போட்டுவிட்டு வந்தால் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் வசவு கேட்கும். அவ்வளவு பேசுகிற வாயில் ஒன்று மட்டும் வராது, அண்ணனுடைய பேர். பயமும் இல்லை, பக்தியும் இல்லை, பழக்கம். எங்கள் பக்கம் அந்த வயதுப் பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான். ரேஷன் கடையில் புருஷன் பேரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர் யாராவது எடுத்துச் சொல்லிவிடுவார். இதனால் ஒருத்தருக்கும் ஒரு கேடும் வந்ததில்லை, அந்த நாள் வரைக்கும்.

போன வருஷம் மிளகு பறிப்பின்போது ஏணி சறுக்கி அண்ணன் மரத்திலிருந்து விழுந்தார். கால் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. மலை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். ஆம்புலன்ஸ் குண்டனி நாட்டுக்கு ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. அக்கா வண்டி தேடி என் வீட்டுக்கு ஓடிவந்தார். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சுமதி, புண் சீழ் பிடிக்காமல் இருக்கப் போடுகிற ஊசியைக் கொஞ்சமாகப் போட்டுச் சோதித்திருக்கிறார். அண்ணனுக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுத்திருக்கிறது. டாக்டர் ஓடிவந்து சரி செய்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் அரைத் தூக்கத்தில் கிடந்தார். அக்கா பயந்துவிடுவார் என்று ஊசி விஷயத்தை அவரிடமும் என்னிடமும் யாரும் சொல்லவில்லை. என்ன கரிசனம் பாருங்கள்.

சுமதி தன் வேலையைச் செய்தார், அதை மறைக்க மாட்டேன். சீட்டில் எழுதிக் கொடுத்தார். அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போனும் போட்டார். "அப்பாசாமின்னு கால் ஒடிஞ்ச ஒருத்தர் வாராருங்க. அவருக்கு அந்த ஊசி ஆகாது, போட்டுறாதீங்க" என்றார். சரி என்று பதில் வந்தது. சீட்டை அண்ணன் சட்டைப்பையில் வைத்தார்கள். வளைவுகளில் இறங்க இறங்க அண்ணன் வாந்தி எடுத்து, சட்டையோடு சீட்டும் நனைந்து கூழாகிவிட்டது.

கீழே வாசலில் காவலாள் என்னைத் தடுத்தான். நோயாளியோடு ஒரு ஆள்தான் உள்ளே போகலாமாம். நானும் வருகிறேன் என்று எவ்வளவோ மன்றாடினேன். கிழங்கு வண்டியை முதலில் வாசலை விட்டு எடு என்றான். அக்கா தனியாக உள்ளே போனார். பேர் பதிகிற இடத்தில் நடந்ததை அக்கா பிறகு சொன்னார்.

"பேஷண்ட் பேர் என்னம்மா?"

"எங்க ஊட்டுக்காரருங்க."

"அவருக்குப் பேர் இல்லையா?"

"கலைச்செல்வி அப்பாங்க. வெளிய மாதேசு நிக்கிறான், அவனக் கேளுங்க, சொல்லுவான்."

"உன் பேரையாவது சொல்லு."

சொன்னார். 'பெருமாயி கணவர்' என்று பதிந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வாசலுக்கு வந்து என்னை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் கால் வரவில்லை.

போனை எடுத்த நர்ஸ் ராதிகா, வார்டில் 'அப்பாசாமி வந்தாச்சா' என்று விசாரித்திருக்கிறார். அப்படி ஒரு பேரே இல்லை. வேறு எங்கோ கொண்டுபோய்விட்டார்கள் என்று நினைத்து விட்டுவிட்டார். மேலே போன் போட்டு ஆள் என்ன ஆனார் என்று கேட்கவில்லை. 'பெருமாயி கணவர்' படுத்திருந்த கட்டிலுக்கு வேறொரு நர்ஸ் போய் அதே ஊசியைப் போட்டார். மேலே சோதித்துத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று சோதிக்கக்கூட இல்லை. கால் முறிந்து போன மனுஷன் மூச்சு முட்டிச் செத்தார்.

அப்புறம் ஆரம்பித்தது பந்தாட்டம். மேலே கேட்டால், நாங்கள்தான் போன் செய்தோமே என்றார்கள். கீழே கேட்டால், அப்பாசாமி என்று யாரும் வரவே இல்லை என்றார்கள். பிணத்தை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, ஆள் வரவே இல்லை என்று சொல்ல எப்படித்தான் வாய் வந்ததோ.

அக்கா அழுதார், அழுது ஓய்ந்தார். அதற்குள் மகள் கலைச்செல்வி பிரசவத்துக்குத் தாய்வீடு வந்துவிட்டாள். கால் வீங்கியிருந்தது, ரத்தக் கொதிப்பும் இருந்தது. இங்கே வைத்துப் பார்க்க முடியாது, கீழேதான் போகவேண்டும் என்று சுமதி சொன்னார். அதே ரோடு, அதே வாசல்.

"எம்புள்ளையவும் அந்த வாசல்ல வெச்சுத் தொலைக்கச் சொல்றீங்களா?" என்றார் அக்கா. "மேல இருக்கறவங்களும் கீழ இருக்கறவங்களும் ஒரே எடத்துல ஒக்காந்து பேசோணும். அதுக்கப்பறந்தான் அவ வண்டி ஏறுவா."

சொன்னதோடு நிற்கவில்லை. மலை ஆஸ்பத்திரி, கீழ் ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ் மனு நாள் என்று ஏறி இறங்கினார். அந்த வருஷம் மிளகு கொடியிலேயே காய்ந்து உதிர்ந்தது. கடைசியில் தொல்லை தாங்காமல் கூட்டம் போட்டார்கள். நோயாளர் பாதுகாப்பு என்று பேனர், பாட்டில் தண்ணீர், பிஸ்கெட். டவுன் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். சுமதியும் ராதிகாவும் வருஷக்கணக்காகப் போனில் பேசுகிறவர்கள், அன்றைக்குத்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கீழ் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் எழுந்து, "அந்தம்மா பேரை மட்டும் சொல்லியிருந்தா இது நடந்திருக்காது. மலைமக்கள்கிட்ட விழிப்புணர்வு இல்லை" என்றார்.

அக்கா எழுந்தார். "நாஞ் சொல்லலீங்க. சரி. நீங்க ஏனுங்க தேடல? மலைலிருந்து கால் ஒடிஞ்ச ஆள் வாராருன்னு போன் வந்துச்சு. அன்னைக்கு மலைலிருந்து கால் ஒடிஞ்சு வந்தது எங்க ஊட்டுக்காரர் ஒருத்தருதான். கட்டில்ல கெடந்தவரு கண்ணுக்குத் தெரியல, பேரத்தான் தேடுனீங்க. அந்த ஊசி ஆகாதுன்னு எங்கிட்ட ஒருத்தராச்சும் சொன்னீங்களா? சொல்லியிருந்தா, பேரென்ன, ஊரே கேக்கறாப்பல கத்தியிருப்பேன்."

"சரிம்மா. இறந்தவர் பேர் இப்பவாவது சொல்லுங்க, குறிச்சுக்கறோம்" என்றார் டாக்டர்.

"இப்பவும் சொல்ல மாட்டேன். எனக்காகச் சொல்ல ஆள் வந்திருக்கான். அன்னைக்கு வாசல்ல நிறுத்துனீங்களே, அவனக் கேளுங்க."

நான் எழுந்து, "அப்பாசாமி" என்று சத்தமாகச் சொன்னேன். அந்த அறையில் யாரும் பிஸ்கெட்டைத் தொடவில்லை. ராதிகா மட்டும் எழுந்து, "அன்னைக்குப் போனை எடுத்தது நான்தாங்கம்மா" என்று சொல்லி அழுதார். அக்கா அவரைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

அன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரிக்காரர்களும் சேர்ந்து சிலவற்றை ஒத்துக்கொண்டார்கள். மேலிருந்து அனுப்புகிறவர் கையில், பேரும் ஆகாத மருந்தும் எழுதிய நனையாத பட்டையை அங்கேயே கட்டவேண்டும். கீழே அதைப் படித்துப் பார்க்காமல் ஊசியைத் தொடக்கூடாது. சொன்ன ஆள் வரவில்லை என்றால் திருப்பிக் கூப்பிட வேண்டும். மலையிலிருந்து வருகிறவரோடு இரண்டு பேரை உள்ளே விடவேண்டும்.

கலைச்செல்விக்கு வலி வந்ததும் சுமதி அவள் கையில் பட்டையைக் கட்டினார். அக்காவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவர் காது கேட்கக் கீழே போனில் சொன்னார். என் வண்டியில்தான் இறங்கினோம். வாசலில் ராதிகாவே நின்றிருந்தார். பட்டையைப் படித்தார், என்னையும் உள்ளே விட்டார். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம்.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்றைக்கு ராதிகா பட்டையை வெட்டி எடுத்தார். அக்கா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சின்ன பிளாஸ்டிக் துண்டு. கடையில் பிள்ளைகள் கட்டிக்கொள்கிற வாட்ச் பட்டையைவிட லேசாக இருந்தது.

"நல்லபடியா முடிஞ்சுதுங்கம்மா" என்றார் ராதிகா.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இவ்வளவுதானா கண்ணு? இதக் கட்டறதுக்கா எங்க ஊட்டுக்காரரு சாக வேண்டியிருந்துச்சு?"