நீல மூலையில் நின்ற சாம்பியன்

குத்துச்சண்டையில் ஜட்ஜாக உட்கார ஒரு தேர்வு உண்டு. நான் தேறிய சான்றிதழ் வந்த அன்று அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்படிப் படித்த எழுத்தை வைத்து நான் அதிகம் மார்க் போட்டது ஒரே ஒருவருக்குத்தான். மதுரையே சாம்பியன் என்று கூப்பிட்ட ஹெவிவெயிட்காரர் அவர்.

அவருக்குப் பழங்காநத்தத்தில் பீரோ பட்டறை. பகலெல்லாம் வெல்டிங், சாயங்காலம் பயிற்சி. அவர் எடைக்கு எங்கள் பக்கம் எதிராளி லேசில் கிடைக்கமாட்டான். அதனால் நிஜப் போட்டியைவிடக் காட்சி ஆட்டங்களே அதிகம். மேலூரில் ஒரு விழா, ஆரப்பாளையத்தில் ஒரு ஜிம் திறப்பு என்று கூப்பிடுவார்கள். அந்த ஆட்டங்களில் வெற்றி தோல்வி கிடையாது, ரெஃபரி இருவர் கையையும் தூக்கிவிடுவார். ஆனாலும் அலங்காரத்துக்கு எங்களையும் மேசை போட்டு உட்காரவைப்பார்கள். நான் பழக்கத்துக்காகச் சீட்டில் மார்க் போட்டுப் பார்ப்பேன். மரியாதைக்கு எப்போதும் அவருக்குச் சிவப்பு மூலை, சிவப்புக் கையுறைதான்; சீட்டிலும் சிவப்புக் கட்டம் அவருடையது, நீலக் கட்டம் எதிராளியுடையது.

அவருக்கு நாற்பது முடிய ஒரு மாதம் இருக்கும்போது மாவட்டங்களுக்கு இடையிலான போட்டி மதுரையில் நடந்தது. நாற்பது தாண்டினால் போட்டியில் இறங்க விடமாட்டார்கள். ஆகவே அந்த இறுதி ஆட்டம்தான் அவருடைய கடைசி நிஜ ஆட்டம். எதிரே கோவைப் பக்கத்துப் பையன், இருபத்து மூன்று வயது. குலுக்கலில் சாம்பியனுக்கு நீல மூலை விழுந்தது.

முதல் ரவுண்டு முழுக்கப் பையனின் இடது கை அவர் முகத்திலேயே இருந்தது.

"பாய், கையத் தூக்குங்க பாய்! என்ன, பீரோவுக்குப் பெயிண்டா அடிக்கிறீங்க?" என்று கூட்டம் கத்தியது.

ரவுண்டை எடுத்த பையனுக்குப் பத்து, அவருக்கு ஒன்பது. சீட்டை எழுதி ரெஃபரியிடம் கொடுத்தேன். இரண்டாவது ரவுண்டும் பையனுக்குத்தான். அந்தச் சீட்டில் நீலக் கட்டத்தில் பத்து என்று எழுதப்போன கை அப்படியே நின்றது. நீலக் கையுறையோடு ஸ்டூலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் சாம்பியன். அப்படியானால் முதல் சீட்டையும் மாற்றி எழுதிக் கொடுத்திருக்கிறேன்! கையுறையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவதைச் சரியாக எழுதினேன். முதல் சீட்டு மேற்பார்வையாளர் மேசைக்குப் போய்விட்டது.

மூன்றாவது ரவுண்டை இன்றைக்கும் என்னால் குத்துக்குக் குத்து சொல்ல முடியும். அவர் ஓரடி பின்வாங்கவில்லை. பையனைக் கயிற்றோடு அணைத்து நிறுத்தி, விலாவில் இரண்டு, தாடையில் ஒன்று என்று கணக்காகக் கொடுத்தார். கூட்டம் பெஞ்சு மேல் ஏறியது. அந்த ரவுண்டு அவருக்கு, சந்தேகமே இல்லை.

மணி அடித்ததும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். தப்பான சீட்டு நின்றால் என் கணக்கில் அவர் ஒரு மார்க்கில் ஜெயிக்கிறார். திருத்தினால் ஒரு மார்க்கில் தோற்கிறார். வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது.

எழுந்து போய்ச் சொன்னேன். மேற்பார்வையாளர் மூன்று பேர் சீட்டுகளையும் பரப்பிப் பார்த்தார்.

"மத்த ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் போட்டிருக்காங்கப்பா. உன் சீட்டுதான் முடிவே. மாத்துனா நான் எழுதி அனுப்பணும். மூணு மாசம் ஒன்னைய ஓரமா உக்கார வச்சிருவாங்க, பரவால்லையா?"

"எழுதுங்க சார்."

ஒலிபெருக்கியில் என் திருத்தத்தைச் சொல்லி, பையன் ஜெயித்ததையும் அறிவித்தார்கள். "ஏண்டா, நீ மதுரக்காரந்தானா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சாம்பியன் கயிற்றின் மேல் சாய்ந்து என்னைக் கூப்பிட்டார். கிட்டே போனேன்.

"எந்த ரவுண்ட மாத்துன?"

"மொத ரவுண்டுண்ணே. நாந்தான் தப்பா எழுதிட்டேன்."

"அது தோத்த ரவுண்டுதேன், எனக்கே தெரியும். மூணாவது?"

"உங்களுக்குத்தாண்ணே."

மற்ற இரண்டு ஜட்ஜுகளையும் பார்த்தார். அவர்களும் தலையாட்டினார்கள். உடனே கூட்டத்தின் பக்கம் திரும்பி மூன்று விரலைக் காட்டினார்.

"மூணாவது ரவுண்டு மூணு பேருமே எனக்குத்தேன் போட்டிருக்காய்ங்க! அந்தத் தம்பிய எவனும் வையக் கூடாது!"

விசில் அடங்க வெகுநேரம் ஆனது.

அடுத்த மாதமே அவரிடமிருந்து போன் வந்தது. "மேலூர்ல ஆட்டம் மாப்ள. மூணு மாசம் சும்மாத்தான கெடக்க, வாரியா?"

"காட்சி ஆட்டத்துக்கு எதுக்குண்ணே மார்க்கு?"

"கைதட்ட எம்மகளே போதும். நீ வந்து மார்க்கு போடு."

போட்டேன். ஒன்றும் மூன்றும் அவருக்கு, இரண்டாவது எதிராளிக்கு. பந்தலுக்குப் பின்னால் சீட்டைப் படித்ததும் அவருக்கு வந்ததே கோபம்.

"ரெண்டாவதுல நான் எங்கடா தோத்தேன்? நீ ஆட்டத்தப் பாத்தியா, ஆகாசத்தப் பாத்தியா?"

"கால் நின்னுபோச்சுண்ணே. நின்ன எடத்துலயே அம்புட்டு வாங்குனீங்க."

மதுரை பஸ் வரும்வரை வாதாடினார். பஸ்ஸில் ஏறிய பிறகும் வாதாடினார். சாம்பியனுக்குச் சரிக்குச் சரியாக நானும் வாதாடினேன், ஒரு மார்க்குகூட விட்டுக்கொடுக்கவில்லை.